காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் ஸ்டடி: பிள்ளைக்குத் தன்னம்பிக்கை எங்கிருந்து வரும்?

18 ஆகஸ்ட் 2025, களக்காட்டு வாசகர் ஒருவரின் கேள்வி

என் மகன் பத்தாம் வகுப்பு. வீட்டில் வாய் ஓயாது. வகுப்பில் எழுப்பி நிறுத்தினால் ஒரு வார்த்தை வராது என்கிறார்கள். ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடப் போனபோது, "பையனுக்குத் தன்னம்பிக்கை கிடையாது, அதான் மார்க் வரல" என்றார்கள். காலை 8 மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ், மாலை 6 வரை ஸ்டடி, அப்புறம் டியூஷன். இவ்வளவு படிக்கிற பிள்ளைக்கு நம்பிக்கை ஏன் வரவில்லை? பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், தன்னம்பிக்கைப் பேச்சாளர் யாரையாவது வரவழைக்கச் சொல்லலாம் என்றிருக்கிறேன். ஆசிரியர்கள், பெற்றோர் யாராவது பதில் சொல்லுங்கள்.

18 ஆகஸ்ட், இரவு

பேச்சாளர் வேண்டாம் அண்ணாச்சி. அந்தப் பணத்துக்குப் பிள்ளைகளுக்குச் சுண்டல் வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

நான் அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். எங்கள் பள்ளிக்கும் அப்படி ஒருவர் வந்தார். நன்றாகவே பேசினார். "என்னால் முடியும்" என்று பிள்ளைகள் கூரை அதிரக் கத்தினார்கள். அடுத்த நாள் ஸ்லிப் டெஸ்டில், எப்போதும் வெள்ளைத் தாள் கொடுக்கிற பிள்ளைகள் அன்றைக்கும் வெள்ளைத் தாளைத்தான் கொடுத்தார்கள்.

உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் கிடக்கிறது. 8 மணி, 6 மணி, அப்புறம் டியூஷன். அதை முதலில் பார்ப்போம்.

19 ஆகஸ்ட்

பையனின் ஒரு நாளை மணிவாரியாக எழுதச் சொல்லியிருந்தேன், அண்ணாச்சி எழுதிவிட்டார். 5.30க்கு எழுந்திருக்கிறான். 7 மணி பஸ். 8 மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ். 9.15க்குப் பிரேயர். 4.20க்குப் பள்ளி முடிந்து 6 வரை ஸ்டடி. வீடு வந்து சேர 7 தாண்டிவிடுகிறது. 7.30 முதல் 9 வரை டியூஷன். பிறகு சாப்பாடு, வீட்டுப்பாடம். படுக்கும்போது 11.30.

ஆறு மணி நேரத் தூக்கம்.

13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. அந்த வயதில், தூக்கம் வரவழைக்கிற மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பதும் தள்ளிப்போகிறது. அதனால் ஒன்பது மணிக்குப் படுக்கச் சொன்னாலும் தூக்கம் வராது, விடிகாலையில் எழுப்பினாலும் கண் திறக்காது. சோம்பேறித்தனம் என்று நாம் திட்டுவதில் பாதி உடம்பின் வேலை.

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துப் பள்ளிகள் 2016இல் தொடங்கும் நேரத்தை 7.50இலிருந்து 8.45க்கு மாற்றின. மாணவர்களின் மணிக்கட்டில் கருவி கட்டி அளந்து பார்த்ததில் தூக்கம் 34 நிமிடம் கூடியிருந்தது. பள்ளி லேட்டாகத் தொடங்கினால் பிள்ளைகளும் லேட்டாகத்தான் படுப்பார்கள் என்று சொன்னவர்களுக்கு அதில் பதில் கிடைத்தது. கலிபோர்னியா 2019இல் சட்டமே போட்டது: 2022இலிருந்து உயர்நிலைப் பள்ளிகள் 8.30க்கு முன் தொடங்கக் கூடாது.

தூக்கம் கெட்ட பிள்ளையைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டால் தெரிந்த விடையும் வாயில் வராது. அதைப் பார்த்துவிட்டு அவனுக்குத் தன்னம்பிக்கை இல்லை என்று நாம் ரேங்க் கார்டில் எழுதிவிடுகிறோம்.

20 ஆகஸ்ட்

பாளையங்கோட்டை நண்பர் சொல்வது சரிதான். நம் ஊரில் பள்ளி மணி 9 மணிக்குப் பிறகுதான் அடிக்கிறது, சியாட்டில் கதையை இங்கே அப்படியே ஒட்ட முடியாது. ஆனால் பிள்ளைக்கு நாள் தொடங்குவது மணியடிக்கும்போது அல்லவே. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு ஸ்பெஷல் கிளாஸ், தனியார் பள்ளிப் பிள்ளைக்கு வேன். வள்ளியூர்ப் பக்கம் 6.45க்கே தெரு முனையில் டையும் ஷூவுமாகப் பிள்ளைகள் நிற்கிறார்கள். கடைசி வீட்டுப் பிள்ளை ஏறும் வரைக்கும் முதல் வீட்டுப் பிள்ளை ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

24 ஆகஸ்ட்

"தூக்கம் சரி, ஆனால் நம்பிக்கை என்பது குணம், சிலருக்கு இருக்கும், சிலருக்கு இருக்காது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எங்கள் வகுப்பில் ஒரு பையன். பெயர் வேண்டாம். பாடத்தில் கேள்வி கேட்டால் தலையைக் குனிந்து பெஞ்சைச் சுரண்டுவான். போன ஆடியில் அவன் ஊர் அம்மன் கோயில் கொடை விழாவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வில்லுப்பாட்டு நடக்கிறது. குடம் அடிக்கிறவர் பக்கத்தில் இவன் உட்கார்ந்து கட்டை தட்டுகிறான். புலவர் ஒரு வரி பாடி நிறுத்த, பின்பாட்டுக்காரர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்க, இவன் சட்டென்று அடுத்த வரியை எடுத்துப் பாடிவிட்டான். ஊரே உட்கார்ந்திருக்கிறது. குரலில் ஒரு நடுக்கம் இல்லை. புலவர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் கதையைத் தொடர்ந்தார்.

இவனையா தன்னம்பிக்கை இல்லாத பையன் என்று சொல்வது?

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977இலேயே இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார். நம்பிக்கை என்பது ஆளுக்கு மொத்தமாக ஒரே அளவில் வாய்ப்பதில்லை. இந்த வேலையை என்னால் செய்ய முடியும் என்று வேலைக்கு வேலை தனித்தனியாக வருவது. அது நான்கு வழிகளில் வரும் என்கிறார். தானே செய்து முடித்த அனுபவம் ஒன்று. தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது இன்னொன்று. பிறர் சொல்லும் ஊக்கச் சொல் மூன்றாவது. உடம்பும் மனசும் அந்த நேரத்தில் இருக்கிற நிலை நான்காவது. இவற்றில் வலுவானது முதலாவதுதான். மேடைப் பேச்சாளர் கொண்டுவருவது மூன்றாவதை மட்டும்.

இந்தப் பையனுக்கு வில்லில் நான்குமே கிடைத்திருக்கின்றன. சின்ன வயதிலிருந்து கூடவே உட்கார்ந்து செய்து பழகியிருக்கிறான். சித்தப்பா பாடுவதைப் பார்த்திருக்கிறான். தட்டிக்கொடுக்க ஆள் இருக்கிறது. கொடை நாளில் தூக்கம் போனாலும் மனசு உற்சாகத்தில் இருக்கிறது. கணக்கில் அவனுக்கு இதில் எது கிடைத்தது? நினைவு தெரிந்த நாள் முதல் சிவப்பு மையும் "நீ மெல்லக் கற்போர் லிஸ்ட்" என்ற பெயரும்தான்.

25 ஆகஸ்ட்

வில்லுக்குப் போகிற பையனைப் படிக்க வைக்காமல் விட்டுவிடலாமா என்று கோபப்பட வேண்டாம். அவனுக்குப் படிப்பும் வேண்டும். கொடைக்கு மறுநாள் டெஸ்ட் வைக்காமல் இருக்கலாம் என்பதுதான் என் கோரிக்கை. ஊர்க் கொடை என்றைக்கு என்று எந்த ஆசிரியருக்கும் தெரியும்.

2 செப்டம்பர்

சுண்டலுக்கு வருகிறேன்.

1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் தொடங்கிய எட்டயபுரம் அப்போது நம் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பது நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டமும் வந்தது, அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் பரவியது. என் வீட்டுக்குப் பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் காலையில் பொங்கல் வாசனை வந்துவிடும், பிள்ளைகள் நேரத்துக்கு ஓடி வருகிறார்கள்.

ஆனால் அது 5ஆம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மதிய உணவு 10 வரைக்கும் உண்டு. ஆகவே 8 மணி ஸ்பெஷல் கிளாஸுக்கு வருகிற பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் காலையில் பள்ளியில் ஒன்றும் கிடையாது. 7 மணி பஸ்ஸுக்குள் வீட்டில் சோறு பொங்கியிருக்காது. முக்கால்வாசிப் பேர் வரக்காப்பியும் இரண்டு பிஸ்கட்டுமாக வருகிறார்கள். 10.50 இடைவேளைக்கு முந்திய பீரியடில் கணக்குப் பாடம் நடத்திப் பாருங்கள், தெரியும். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு மதியமும் இல்லை.

பண்டூரா சொன்ன நான்காவது வழி இதுதான். வயிறு காந்தும்போது ஒருவனுக்கு "என்னால் முடியும்" என்று தோன்றாது. காலையில் வகுப்பு வைத்தே தீர வேண்டும் என்றால் அங்கே ஏதாவது சாப்பிடவும் கொடுக்க வேண்டும். முன்னாள் மாணவர்கள் சேர்ந்தால் அவித்த பயறு கொடுப்பது பெரிய காரியமில்லை.

7 செப்டம்பர்

"செய்து முடித்த அனுபவம்" என்றால் என்ன என்று கேட்டிருந்தார்கள். ஒன்றைச் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்புக் கணக்கில் வடிவியல் வரைவதற்கு 8 மார்க், வரைபடத்துக்கு 8 மார்க். ஒரு மார்க் கேள்வி 14. பாஸ் மார்க் 35. இந்தக் கூட்டல் எல்லா ஆசிரியருக்கும் மனப்பாடம். கஷ்டப்படுகிற பிள்ளைகளுக்கு முதலில் இவற்றைத்தான் கொடுப்போம்.

வில்லுப்பாட்டுப் பையனிடம் தொடுகோடு வரையக் கொடுத்தேன். 6 செ.மீ. விட்டமுள்ள வட்டம், மையத்திலிருந்து 8 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி, அங்கிருந்து இரண்டு தொடுகோடுகள். அவன் காம்பஸில் திருகு லூஸ். பேப்பரை மடித்துச் செருகி இறுக்கி வைத்திருந்தான். பென்சில் முனை மழுங்கிக் கிடந்தது. மையக்குத்துக்கோடு போடும்போது காம்பஸ் விரிந்துவிட்டது, வில்கள் கோணலாகப் போயின. நீளத்தை அளந்தால் 7.1 வந்தது. வழக்கமாக அந்த இடத்தில் நோட்டை மூடிவிடுவான். அன்று டெஸ்ட் கிடையாது, மார்க் கிடையாது, மணியடிக்க நிறைய நேரம் இருந்தது. "முனையைச் சீவிக்கிட்டுத் திரும்பப் போடு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டேன்.

திரும்ப வரைந்தான். ஸ்கேலை வைத்து அளந்தான். 7.4. இன்னொரு தொடுகோட்டையும் அளந்தான், அதுவும் 7.4. 64இலிருந்து 9 போக 55, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 7.4 என்று போர்டில் ஏற்கெனவே எழுதிப் போட்டிருந்தேன். போர்டையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தான். "டீச்சர், ரெண்டும் ஒண்ணுபோல வந்துட்டு" என்றான். அது சரியா என்று அவன் என்னிடம் கேட்கவில்லை. சரி என்று அவனுக்கே தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு பக்கத்துப் பையனின் காம்பஸிலும் பேப்பர் செருகிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

இதற்கு ஒரு முழு பீரியட் ஆனது. ஸ்பெஷல் கிளாஸ் அட்டவணையில் அந்த நேரம் ஒரு ஸ்லிப் டெஸ்டுக்கும் அதைத் திருத்துவதற்கும் போய்விடும். கூடுதலாக ஏறக்குறைய மூன்று மணி நேரம் உட்கார வைத்தும் ஒன்றை முழுசாகச் செய்து முடிக்க நேரம் கொடுக்கவில்லை என்றால் அந்த நேரம் யாருக்காக?

28 செப்டம்பர்

காலாண்டு முடிந்தது. இடையில் ஒன்று நடந்தது. இதுவரை நான் எழுதியதோடு அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மாலை ஸ்டடியை எடுத்துவிடலாமா என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டிருந்தோம். எப்படியோ பிள்ளைகள் காதுக்குப் போய்விட்டது. முக்கூடல் பக்கத்திலிருந்து வருகிற ஒரு மாணவி தனியாக வந்து, "ஸ்டடியை மட்டும் நிப்பாட்டிராதீங்க டீச்சர்" என்றாள். வீட்டில் அம்மாவும் ஆச்சியும் பீடி சுற்றுகிறார்கள். அன்றாடக் கணக்கைக் கடையில் கொடுத்தால்தான் கூலி. சீக்கிரம் வீட்டுக்குப் போனால் இவளும் உட்கார்ந்து இலை வெட்டிக் கொடுக்க வேண்டும், தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே அறையில் டிவி ஓடும். பள்ளியில் இருக்கிற அந்த ஒன்றரை மணி நேரம்தான் அவளுக்கென்று உள்ள நேரம்.

இரவெல்லாம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே மாலை நேரம் களக்காட்டுப் பையனுக்குச் சுமை, இவளுக்கு அடைக்கலம். ஆகவே ஸ்டடி வேண்டாம் என்று மொத்தமாகச் சொல்ல மாட்டேன். விரும்புகிறவர்கள் இருக்கட்டும், பஸ் பிடிக்க வேண்டியவர்கள் 4.20க்குப் போகட்டும். இருக்கிறவர்களுக்கு டெஸ்ட் வேண்டாம். தான் விட்டுவைத்ததை முடித்துக்கொள்ளும் நேரமாக இருக்கட்டும்.

"விருப்பம் என்றால் ஒருத்தனும் இருக்க மாட்டான்" என்று மூத்த ஆசிரியர் ஒருவர் சொன்னார். மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகள் இருப்பார்கள் என்பது என் எண்ணம். வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

5 அக்டோபர்

சாதியைக் காட்டப் பிள்ளைகள் கையில் கட்டுகிற வண்ணக் கயிற்றைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று நாங்குநேரி வாசகர் கேட்கிறார். பேச வேண்டும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்டான். வெட்டியவர்களில் அவனோடு படித்த பையன்களும் உண்டு. அதன் பிறகுதான் பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு அமைத்து, 2024 ஜூனில் அறிக்கை வந்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் கூடாது, மாணவர்களை அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்பவை அதில் உள்ள பரிந்துரைகள்.

என் வகுப்பில் பெயர் வரிசைப்படி உட்கார வைத்த முதல் வாரம் முணுமுணுப்பு இருந்தது. பிறகு நான் பார்த்தது இதுதான்: பின் பெஞ்சில் ஊர்க்காரனோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்த பையன்கள் வாய் திறந்து சந்தேகம் கேட்கத் தொடங்கினார்கள். யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்ற பயம் இருக்கிற வரை ஒரு பிள்ளை கையைத் தூக்காது. அதைக் கூச்சம் என்று எழுதிவிட்டுப் போவது அநியாயம்.

நேரத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. ஆறு மணிக்கு மேல் இருட்டுகிற நேரத்தில், பெரியவர்கள் யாரும் இல்லாத பஸ் ஸ்டாப்பில், பல ஊர்ப் பையன்களை ஒன்றாக நிறுத்தி வைக்கிறோம். சண்டை வகுப்பறையில் வருவது குறைவு, அந்த நிறுத்தத்தில்தான் வருகிறது. பெண் பிள்ளைகளுக்கு வேறு பயம். 2021இலிருந்து டவுன் பஸ்ஸில் அவர்களுக்கு டிக்கெட் காசு இல்லை, நல்ல காரியம். ஆனால் பஸ் அந்த நிறுத்தத்தில் நிற்க வேண்டுமே. பிள்ளைக் கூட்டத்தைப் பார்த்ததும் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்துவதும், நிறுத்தாமலே போவதும் உண்டு. புத்தகப் பையோடு பஸ்ஸின் பின்னால் ஓடுகிற பிள்ளையைப் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

16 அக்டோபர்

பி.டி. பீரியடைப் பற்றி ஒரு வார்த்தை. அரையாண்டு நெருங்கினால் அது கணக்குக்கும் அறிவியலுக்கும் போய்விடும், எல்லாப் பள்ளியிலும் இதுதான் நடைமுறை. கணக்கு டீச்சராக இருந்துகொண்டே சொல்கிறேன்: அது பிள்ளைகளுடைய பீரியட், நாம் தொடக் கூடாது. வாரம் முழுக்கத் தோற்றுக்கொண்டிருக்கிற பையன் கபடிக் கோட்டைத் தொட்டுத் திரும்புவது அந்த நேரத்தில் மட்டும்தான்.

தீபாவளிக்கு எல்லாரும் நல்லபடியாக ஊர் வந்து சேருங்கள்.

1 நவம்பர்

பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை நீக்கியது நல்லதா கெட்டதா என்று பேச்சு அங்கே போய்விட்டது. 2017-18இல் அதைக் கொண்டுவந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. பல தனியார் பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தை நடத்தாமலே நேரே பிளஸ் டூவுக்குப் போனார்கள். 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வைக் கைவிட்டது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதிக் களைத்த பிள்ளைகளைப் பார்த்தவள் என்ற முறையில் எனக்கு மகிழ்ச்சி. அந்தக் கிடைத்த வருடத்தை நீட் வகுப்புக்காரர்கள் எடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது பெற்றோர் கையில் இருக்கிறது. 2017இல் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தினார்கள், நம் ஊரில் மார்க் போட்டு ஃபிளெக்ஸ் வைப்பது நின்றதா?

பத்தாம் வகுப்பில் தவறியவர்களுக்கு அதே வருடம் துணைத் தேர்வு உண்டு, பாஸாகி அந்த வருடமே பிளஸ் ஒன் சேரலாம். இது தெரியாமல் திருப்பூருக்கு வேலைக்கு ரயிலேறிய பையன்கள் இருக்கிறார்கள். இதைப் படிக்கிறவர்கள் உங்கள் தெருவில் சொல்லி வையுங்கள்.

9 நவம்பர்

களக்காட்டு அண்ணாச்சி நல்ல செய்தி எழுதியிருக்கிறார். கூட்டத்தில் பேச்சாளரைக் கேட்காமல், பையனின் நேரக்கணக்கை எழுதிய தாளை வாசித்துக் காட்டியிருக்கிறார். இன்னும் சில பெற்றோர்களும் தங்கள் பிள்ளைகளின் கணக்கைச் சொல்ல, காலை வகுப்பை 8.30க்குத் தள்ளிவைக்கத் தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டாராம். மாலை ஸ்டடி அப்படியே இருக்கிறது. டியூஷனை அண்ணாச்சியே நிறுத்திவிட்டார். பையன் இப்போது பத்தரைக்குப் படுக்கிறான். வகுப்பில் பேசுகிறானா என்று கேட்டேன். "அது தெரியல தங்கச்சி, காலையில எழுப்பப் போனா அடிக்க வாரதில்ல" என்கிறார்.

எங்கள் பள்ளியில் மாலை ஸ்டடியை விருப்பத்துக்கு விடுவது இன்னும் முடிவாகவில்லை. அரையாண்டுக்கு முன் ஒரு கூட்டம் இருக்கிறது. ஒரு உதவி வேண்டும். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பை, பாபநாசம் வழியில் பிள்ளைகள் படிக்கிற பெற்றோர்கள் மூன்று விஷயம் எழுதுங்கள்: மாலை வகுப்பு எத்தனை மணிக்கு முடிகிறது, அதற்குப் பிறகு உங்கள் ஊருக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு, பிள்ளை வீட்டுக்குள் நுழையும்போது மணி என்ன. பள்ளிப் பெயர் வேண்டாம், ஊர் போதும். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டத்தில் வைக்கிறேன்.